குட்டி ஈனும் பருவத்தில் மலைப்பண்ணை வீட்டில் தங்குதல்

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியா வட்டாரத்தின் ஏரிகளையும் மலைகளையும் தன்னுள் கொண்ட லேக் டிஸ்டிரிக்ட் 1951ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும், 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்கா என்ற பெயரைக் கேட்டு, மனிதர் குடியிராத வனத்தை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே வேலியும் கல்சுவரும் ஆட்டுப் பட்டியும் கண்டு வியப்படைவதுண்டு. ஆனால் யுனெஸ்கோ போற்றியதே பல நூற்றாண்டுகளாக ஆடு மேய்த்து உருவான அந்த நிலத்தோற்றத்தைத்தான். அந்த நிலத்தின் உள்ளே, வேலை நடந்துகொண்டிருக்கும் ஒரு பண்ணையிலேயே தங்குவதற்கு வழி செய்வது பண்ணை 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' ஆகும். பண்ணைக் குடும்பம் தான் வாழும் வீட்டிலேயே இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி, இரவு தங்கலையும் காலையுணவையும் ஒரே வாடகைக்குள் தருவது இதன் முறை. மதிய உணவும் இரவு உணவும் பெரும்பாலும் இதில் அடங்குவதில்லை.

மலைப்பகுதி ஆடு வளர்ப்பில் வரும் வருமானம் மட்டும் ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பதால், அறை வாடகை பல வீடுகளில் வரவு செலவைச் சரிக்கட்டும் துணைத் தொழிலாக இருக்கிறது. 2001ஆம் ஆண்டு பிரிட்டன் முழுவதும் பரவிய கோமாரி நோயில் மிகக் கடுமையாக அடிபட்ட வட்டாரம் கம்ப்ரியாதான். மந்தைகள் அழிக்கப்பட்டு, நடைபாதைகளும் அடைக்கப்பட்ட அந்த ஆண்டில், ஆட்டையும் பயணியையும் ஒருசேர நம்பியிருந்த பண்ணைகளுக்கு இரண்டு வருவாயும் ஒன்றாகவே நின்றுபோயின. பண்ணை வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்து, காலணியை அதில் நனைத்துவிட்டு வருமாறு கேட்கும் வீடுகளில் அந்த வேண்டுகோளைச் சடங்காக எண்ணாமல் நிறைவேற்ற வேண்டும்.

இளவேனிலில் இத்தகைய வீட்டுக்கு வருபவர் ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. விருந்தினருக்கு அது விடுமுறைக் காலம்; பண்ணைக்கோ ஆண்டின் மிகக் கடுமையான வேலைக் காலம். காலையுணவு பரிமாறும் கை, அதிகாலை மூன்று மணிக்கு ஓர் ஆட்டின் பேறுகாலம் பார்த்த கையாக இருக்கலாம். ஆகவே எந்த வாரம் வருவது என்பதை மலர்களின் அட்டவணையையோ பள்ளி விடுமுறையையோ மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அந்தக் குறிப்பிட்ட பண்ணையின் நாட்காட்டியைக் கேட்டறிந்து முடிவு செய்வதே முறையாகும்.

எந்த வாரம் வருவது

செம்மறி ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாட்கள். இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் நவம்பர் 5ஆம் தேதி, அதாவது வாணவேடிக்கை இரவன்று, கிடாவை மந்தைக்குள் விட்டால் ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, குட்டி விழும் என்று ஒரு வழக்கு உண்டு. எண்ணிப் பார்த்தால் கணக்கு மிகச் சரியாகவே வருகிறது. ஆனால் மலை உயரத்தில் புல் துளிர்ப்பது தாமதமாகும் என்பதால், உயரமான மேய்ச்சல் நிலத்தை நம்பியுள்ள பண்ணைகள் கிடாவை நவம்பரின் பிற்பகுதியில்தான் விடுகின்றன. அதனால் பள்ளத்தாக்கின் தாழ்ந்த பண்ணைகளில் மார்ச் மாதமே குட்டிகள் துள்ளத் தொடங்கிவிட, மலைப்பண்ணைகளில் தமிழகத்தில் சித்திரை பிறக்கும் வாரத்தையொட்டித்தான் ஈற்றுக்காலம் தொடங்கி மே மாதத் தொடக்கம் வரை நீள்கிறது. சில மைல் இடைவெளியில் உள்ள இரண்டு பண்ணைகளுக்கிடையே மூன்று நான்கு வார வேறுபாடு இருக்கக்கூடும். முன்பதிவு செய்யும்போதே, குட்டி ஈனும் காலம் எப்போது, அக்காலத்தில் விருந்தினரை ஏற்கிறீர்களா, கொட்டகைக்குள் அனுமதிப்பது உண்டா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட வேண்டும். சில வீடுகள் அந்த வாரங்களில் அறைகளை அடைத்துவிடுவதும் உண்டு.

மலர்களைப் பொறுத்தவரை வரிசை ஓரளவு உறுதியானது. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையின் காட்டு டாஃபடில் மலர்கள் மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை பூக்கின்றன. கவிஞர் வேர்ட்ஸ்வர்த்தும் அவர் தங்கை டோரதியும் கிளென்காய்ன் விரிகுடாவருகே அவற்றைக் கண்டது 1802 ஏப்ரல் 15 அன்று. லித் பள்ளத்தாக்கில் டாம்சன் என்னும் சிறு புளிப்புப் பிளம் மரங்கள் ஏப்ரலில் வெண்மையாகப் பூக்கின்றன; அந்தப் பூ ஒரே வாரத்தில், பலத்த காற்று அடித்தால் ஒரே இரவில், உதிர்ந்துவிடும். பட்டர்மியர் அருகிலுள்ள ரேனர்டேலின் திறந்த மலைச்சரிவில் புளூபெல் பூக்கள் ஏப்ரல் இறுதி முதல் மே நடுப்பகுதி வரை நீலம் பாய்ச்சி நிற்கும். படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு இறங்கிப் பூவின் நடுவே நிற்பவர்களால் அங்கே செடிகள் மிதிபட்டு அழிகின்றன. நசுங்கிய இலையிலிருந்து கிழங்கு உணவு சேர்க்க முடியாமல் போவதால், அந்த இடம் மீளப் பல ஆண்டுகள் ஆகும்.

ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே எந்த வாரத்திலும் வரலாம். ஈஸ்டர் விடுமுறையும், மே மாதத்தின் முதல் திங்கள், கடைசித் திங்கள் ஆகிய அரசு விடுமுறைகளும் அறை கிடைக்க அரிதான நாட்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளுள்ள பிரிட்டன்வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஈஸ்டரை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை என்பதால், அவர்கள் அந்த ஆண்டின் ஈஸ்டர் தேதியைப் பார்த்து, முன்னதாக வந்தால் தாழ்நிலப் பண்ணையையும், பிந்தி வந்தால் மலைப்பண்ணையையும் தேர்ந்தெடுப்பது பொருத்தம்.

வானிலையைப் பற்றி விளம்பரப் படங்களை நம்ப வேண்டாம். ஏப்ரல், மே மாதங்கள் இங்கே ஆண்டின் வறண்ட பருவமே என்றாலும், பாரோடேல் பள்ளத்தாக்கின் சீத்வெயிட் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கும் மேல் மழை பெறும் ஊர் என்பதை நினைவில் கொண்டால் 'வறண்ட' என்பதன் அளவு விளங்கும். ஏப்ரல் பகலில் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் இயல்பு. இரவில் உறைபனி விழலாம், சிகரங்களில் வெண்பனி கிடக்கலாம். நீர்புகா மேலாடையும், கம்பளிச் சட்டையும், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் இன்றியமையாதவை. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படுவதால், அதன்பின் மாலை எட்டு மணி வரையிலும் நடப்பதற்கு வெளிச்சம் இருக்கும்.

ஈற்றுக் கொட்டகை

இவ்வட்டாரத்துக்கே உரிய ஆட்டினம் ஹெர்ட்விக். குட்டி பிறக்கும்போது கரிய நிறம், ஓராண்டில் அடர்பழுப்பு, முதல் உரோமக் கத்தரிப்புக்குப் பின் ஆண்டுக்காண்டு சாம்பல் வெளுப்பு, முகம் மட்டும் பனிபோல் வெண்மை. ஒரே வயலில் கரும்புள்ளிகளும் சாம்பல் தாய்களும் சேர்ந்து நிற்பதைப் பார்க்கும் புதியவர், இரண்டு இனங்கள் கலந்து மேய்வதாக எண்ணிவிடுவார். சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டர் இந்த இனத்தை வளர்ப்பதில் பெரும் ஈடுபாடு கொண்டவர். 1943இல் அவர் மறைந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பண்ணைகளோடு நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அமைப்புக்கு விட்டுச் சென்றார். சிகரங்களில் வேலி கிடையாது. தாய் மேய்ந்த சரிவையே குட்டியும் தன் இடமாகப் பழகிக்கொள்வதால் மந்தை தானே தன் எல்லைக்குள் நிற்கிறது. இந்தப் பழக்கத்தை இங்கே 'ஹெஃப்ட்' என்பர். ஒரு மந்தையை முழுவதுமாக விற்றுவிட்டு வேறு ஆடுகளை வாங்கி விட்டால் அவை எல்லை தெரியாமல் அலையும் என்பதால், பண்ணை கைமாறும்போது ஆடுகளும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறுவது வழக்கம். எந்த ஆடு யாருடையது என்பதைக் காது வெட்டையும், உரோமத்தில் தீட்டிய வண்ணக் குறியையும் கொண்டு அடையாளம் காண்கிறார்கள். இந்த அடையாளங்களைத் தொகுத்த மேய்ப்பர் கையேடு முதன்முதலில் 1817இல் அச்சானது.

குளிர்காலத்தின் நடுவில் ஒவ்வொரு சினையாட்டையும் அல்ட்ராசவுண்ட் கருவியால் சோதித்து, வயிற்றில் எத்தனை குட்டி என்பதற்கேற்ப முதுகில் வண்ணப் பொட்டு வைத்துவிடுவார்கள். இரட்டைக் குட்டி சுமப்பவை பண்ணையருகே நல்ல தீனியோடு நிற்கும். ஒற்றைக் குட்டி சுமப்பவை கடைசி வரை மலையில் மேயலாம். ஹெர்ட்விக் ஆடுகள் பெரும்பாலும் திறந்த வயலிலேயே ஈனும். தாழ்நிலக் கலப்பினங்களும், சிக்கல் தெரிந்தவையும், தலையீற்றுக்காரிகளும் கொட்டகைக்குள் வைக்கோல் படுக்கையில் ஈனும்.

ஈற்று நெருங்கிய ஆடு மற்றவற்றை விட்டு ஒதுங்கி, முன்காலால் வைக்கோலைப் பறிக்கும். எழும், படுக்கும், மீண்டும் எழும். தலையை மேலே தூக்கி உதட்டைச் சுருட்டும். பனிக்குடம் தெரிந்தபின் எல்லாம் ஒழுங்காக இருந்தால் முன்னங்கால் குளம்புகள் இரண்டும், அவற்றின் மேல் சாய்ந்த மூக்கும் முதலில் வரும். ஒரு கால் பின்னே மடங்கியிருந்தாலோ, தலை பக்கவாட்டில் திரும்பியிருந்தாலோ, வால் முன்னே வந்தாலோ பண்ணைக்காரர் கையை விட்டுச் சரிசெய்ய வேண்டிவரும். குட்டி வைக்கோலில் விழுந்ததும் அதன் உடலிலிருந்து ஆவி எழும். மூச்சு எடுக்காவிட்டால் ஒரு வைக்கோல் தாளை அதன் நாசிக்குள் விட்டுக் கூச்சம் காட்டுவார்கள், தும்மினால் பிழைத்தது. தொப்புள்கொடியில் அயோடின் தோய்த்து, தாயின் காம்பைப் பீய்ச்சி அதன் மெழுகு அடைப்பை நீக்கி, முதல் ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றில் இறங்கியதா என்று பார்க்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சத்தைக் குட்டி கருப்பையில் பெறுவதில்லை, சீம்பால் வழியாகவே பெறுகிறது. தாயும் குட்டியும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளத் தட்டி அடைத்த சிற்றறையில் ஓரிரு நாள் வைத்தபின், இரண்டின் விலாவிலும் ஒரே எண்ணைத் தீட்டி வயலுக்கு விடுவார்கள். வயலோரம் நடப்பவர் காணும் எண்களின் பொருள் இதுதான்: குட்டி வழிதவறினால் தாயைக் கண்டுபிடிக்க.

மூன்று குட்டி ஈன்ற தாயிடம் ஒன்று மிஞ்சும். குட்டியை இழந்த தாயிடம் பால் மிஞ்சும். இரண்டையும் இணைப்பதில்தான் பண்ணைக்காரரின் கைத்திறம் தெரியும். ஆடு தன் குட்டியை மணத்தால் அறிவதால், பேற்று நீரில் அந்நியக் குட்டியைத் தோய்த்துக் கொடுப்பது ஒரு முறை. இறந்த குட்டியின் தோலை உரித்து, கால்களுக்குத் துளையிட்டு, அனாதைக் குட்டிக்குச் சட்டைபோல் மாட்டிவிடுவது மற்றொன்று. இரண்டு மூன்று நாளில் தாயின் பால் மணம் குட்டியின் உடம்பிலேயே ஏறிவிடும் என்பதால் தோலை அகற்றிவிடலாம். இதைக் காண நேரும் பிள்ளைகள் திடுக்கிடலாம். இறந்த குட்டிகளைக் கொட்டகையோரம் காண்பதும் இந்தப் பருவத்தில் இயல்பு என்பதால், குடும்பத்தோடு வருபவர்கள் வருமுன்பே பிள்ளைகளிடம் இதைப் பேசிவிடுவது நல்லது.

கொட்டகைக்குள் அழைக்கப்பட்டால் மட்டுமே நுழைய வேண்டும். சுவரோரமாக நிற்றல், குரல் தாழ்த்துதல், கேமராவின் ஒளிவீச்சை அணைத்தல் ஆகியவை போதும். உதவி கேட்காதவரை உதவ முற்படுவது உதவி ஆகாது. வயலில் தனியே சுருண்டு கிடக்கும் குட்டி பெரும்பாலும் தூங்கும் குட்டியே. அதைத் தூக்கினால் மனித மணம் ஏறித் தாய் ஒதுக்கக்கூடும் என்பதால், இடத்தைக் குறித்துக்கொண்டு வீட்டில் சொல்வதே சரி. இதற்கு மாறான ஒரு நிலையும் உண்டு. நிறைசினை ஆடு பள்ளத்தில் புரண்டு மல்லாந்துவிட்டால் தானாக எழ முடியாது. இரைப்பையில் காற்று சேர்ந்து நுரையீரலை அழுத்த, சில மணி நேரத்தில் இறந்துவிடும். அதற்கு முன்பே காக்கைகள் கண்ணைக் கொத்தும். நான்கு கால்களும் வானைப் பார்க்கும் ஆட்டைக் கண்டால் பண்ணைக்காரரைத் தேடி ஓடுவதைவிட, மெல்ல அணுகி, உரோமத்தைக் கொத்தாகப் பற்றிப் பக்கவாட்டில் புரட்டி, கால் ஊன்றி நிலைகொள்ளும் வரை தாங்கிப் பிடித்திருந்து, அதன் பிறகு வீட்டில் சொல்வதே நல்லது.

கர்ப்பிணிகளுக்கும் பெற்றோருக்கும்

இங்கே சொல்லப்படும் எச்சரிக்கைகளில் இதுவே முதன்மையானது. கருவுற்ற பெண்கள் ஈற்றுக்காலத்து ஆடுகளுக்கு அருகே செல்லவே கூடாது என்பது பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் திரும்பச் சொல்லும் அறிவுரை. ஆடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் கிளமிடியா வகைக் கிருமியும், டாக்சோபிளாஸ்மா, லிஸ்டீரியா ஆகியவையும் பேற்று நீரிலும் நஞ்சுக்கொடியிலும் இருந்து மனிதக் கருவுக்குப் பேராபத்தை விளைவிக்கக்கூடும். ஆடு ஆரோக்கியமாகத் தோன்றுவது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. புதிதாய்ப் பிறந்த குட்டியைத் தொடுவதும், பால் கறப்பதும் மட்டுமல்ல, கொட்டகைக்குச் சென்று வந்த கணவரின் பூட்ஸையும் அழுக்குத் துணியையும் கையாளுவதும்கூடத் தவிர்க்கப்பட வேண்டும். கருவுற்றிருப்பவர் பண்ணை வீட்டுப் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

பிள்ளைகள் மிகவும் விரும்புவது தாயில்லாக் குட்டிகளுக்குப் புட்டியில் பால் ஊட்டுவதை. பால்மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, புட்டியைக் குட்டியின் தலைக்குச் சற்று மேலே சாய்த்துப் பிடிக்க வேண்டும். இழுக்கும் வேகத்தில் காம்பு பிடுங்கிக்கொண்டு போகாதபடி இரு கைகளும் தேவை. ஈ.கோலை கிருமியும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியும் குட்டிகளின் சாணத்திலிருந்து எளிதில் பிள்ளைகளைப் பற்றும் என்பதால், ஊட்டி முடித்ததும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கை கழுவுவது கட்டாயம். கைப்பையில் கொண்டுவரும் ஜெல் இதற்கு மாற்று ஆகாது. ஆல்கஹால் அந்த ஒட்டுண்ணியை ஒன்றும் செய்வதில்லை. கை கழுவும் வரை தின்பண்டமும் விரல் சூப்புதலும் கூடாது.

வீடும் காலையுணவும்

அறைக்குள் நுழையும் நேரம் பொதுவாகப் பிற்பகல் நான்கு மணிக்குப் பின். தாமதமானால் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் வரவேற்பு மேசையில் ஆள் இருப்பதில்லை, வீட்டுக்காரர் வயலில் இருப்பார். பூட்ஸ் பின்வாசலில் கழற்றப்படும். மலைகளுக்கு இடையே பல பண்ணைகளில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைப்பதில்லை.

காலையுணவு எட்டு மணியையொட்டி. 'முழு ஆங்கிலக் காலையுணவு' என்பது பன்றி இறைச்சிச் சீவல், சாசேஜ், முட்டை, வதக்கிய காளான், தக்காளி, அவித்த பீன்ஸ், ரொட்டி ஆகியவை நிறைந்த தட்டு. இங்கே சாசேஜ் வட்டமாகச் சுருண்ட கம்பர்லாந்து வகையாக இருக்கும். கருநிறத்தில் வட்டமாக வெட்டி வைக்கப்படும் 'பிளாக் புட்டிங்' இனிப்பு அன்று, பன்றி இரத்தத்தில் செய்தது. சைவ உணவினர் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. காளானும் முட்டையும் தனிச் சட்டியில், இறைச்சிக் கொழுப்பு படாமல் வதக்கப்படுமா என்று முன்பதிவிலேயே கேட்க வேண்டும். முட்டையும் உண்ணாதவருக்குப் பாலில் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சியும், ரொட்டியும் மர்மலேடும் கிடைக்கும். அதைச் செய்து தருவதில் யாரும் முகம் சுளிப்பதில்லை, சொல்லாமல் வந்து மேசையில் தட்டைத் தள்ளிவைப்பதுதான் வருத்தம் தரும். இரவு உணவுக்கு ஊர் மதுவிடுதிக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே சமையலறை எட்டரை மணிக்கே மூடப்படலாம் என்பதால், ஊறுகாயும் உடனடி உணவும் பெட்டியில் வைத்துக்கொள்ளும் தமிழ்ப் பயணியின் பழக்கத்தை இங்கே குறை சொல்வதற்கில்லை. அறையில் தாளிப்பது மட்டும் வேண்டாம்.

வயலைக் கடத்தல்

பொதுப்பாதைகள் பண்ணை வயல்களின் ஊடாகவே செல்வதால், நடப்பது உரிமை; எப்படி நடப்பது என்பதில்தான் கட்டுப்பாடு. வாயிற்கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட வேண்டும்; திறந்திருக்கும் கதவை நல்லெண்ணத்தில் மூடிவிட்டால் ஆடுகளுக்குத் தண்ணீர் தடைப்படலாம். சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவரின் மேல் ஏறக் கூடாது. மே மாதத்தில் ஆடுகளை வெளியேற்றி உலர்புல்லுக்காக அடைக்கப்படும் வயல்களில் ஒருவர் பின் ஒருவராக ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும், மிதிபட்ட புல்லை அறுவை எந்திரம் எடுப்பதில்லை. நாயை மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மேய்ச்சல் நிலங்களில் இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருப்பது சட்டம். துரத்தப்படும் சினையாடு கடிபடாமலேயே குட்டியை இழந்துவிடக்கூடும். ஆனால் கன்றோடு நிற்கும் மாடு விரட்டினால் கயிற்றை விட்டுவிட வேண்டும். மாட்டின் கோபம் நாய் மீதுதான், நாய் ஓடித் தப்பிவிடும்.

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஆக்சன்ஹோம் வரை ரயிலில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். அங்கிருந்து விண்டர்மியருக்குக் கிளைப்பாதை உண்டு. ஆயினும் பெரும்பாலான பண்ணைகளுக்குக் கார் இன்றியமையாதது. மூன்றுக்கு ஒன்று என்ற சரிவுள்ள ஹார்ட்நாட் கணவாயை, வழிகாட்டிச் செயலி குறுக்குவழியாகக் காட்டினாலும், மலைப்பாதையில் பழக்கமில்லாதவர் தவிர்க்க வேண்டும். ஒற்றைத்தடச் சாலையில் எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கும் இடம் வரை பின்னோக்கி ஓட்ட வேண்டியவர் விருந்தினரே; ஏப்ரல் காலையில் அந்த டிராக்டரின் பின்பெட்டியில் தாயும் குட்டியும் இருக்கலாம்.

குட்டி பிறப்பதைக் காண்பது நோக்கமல்ல, ஓய்வே நோக்கம் என்பவர்கள் மே மாதத்தின் மூன்றாவது வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது ஈற்று முடிந்து வீட்டுக்காரர் இரவில் தூங்கத் தொடங்கியிருப்பார், மாலை ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், மாத இறுதி விடுமுறைக் கூட்டம் வந்திருக்காது. தாயோடு மலையேறும் குட்டிகளைப் பண்ணை முற்றத்திலிருந்தே பார்க்கலாம். காலையுணவின்போது வீட்டுக்காரரோடு பேசக் கிடைப்பதும் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான்.